ஆயிரமும் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றும்

புளியங்குடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், கெட்டிமேளம் முழங்குகிறது, என் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. கெட்டிமேளத்தின் நடுவே கேமராவைக் கீழே வைக்கிற வீடியோக்காரன் அப்புறம் இந்த வட்டாரத்தில் தொழில் செய்ய முடியாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மூன்றாவது முடிச்சும் விழுந்து, அட்சதை ஓய்ந்த பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். தங்கராஜ் அண்ணாச்சி மூன்று தடவை அழைத்திருந்தார். மண்டபத்தின் பின்பக்கம் போய்த் திருப்பி அழைத்தேன்.

"தம்பி, அக்கா போயிட்டா" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ ஜெபம் செய்கிற சத்தம் கேட்டது. அடக்கம் எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுபடி உள்ளே போய்ப் பந்தியை எடுத்தேன், மாமன்மார் மோதிரம் போட்டதை எடுத்தேன். அன்று எடுத்ததில் பாதி ஆடிப்போயிருக்கிறது. கல்யாண வீட்டார் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

நம் சங்க மலருக்கு ஸ்டெல்லா அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். அவர் நம்மைப் போலப் போட்டோ எடுத்தவரோ வீடியோ எடுத்தவரோ இல்லை. ஆனால் சங்கரன்கோவிலில் கேமரா பிடித்தவர்களில் அவருடைய கடைப் படியை மிதிக்காதவர் யாரும் இல்லை. நல்லவர், பொறுமைசாலி, கைராசிக்காரர் என்று எழுத நம்மில் ஐம்பது பேர் இருக்கிறோம். அப்படி எழுதிவிட்டு எழுந்து போக எனக்கு உரிமை இல்லை. நான் எழுதுவதாக இருந்தால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லித்தான் எழுத வேண்டும். அதனால்தான் தயங்கினேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கடையை உங்களுக்கு நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் ஒடுங்கின மாதிரி இருக்கும். முன்னால் பிரிண்டர், பின்னால் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒரு ஸ்டூலில் அக்கா. அவர் பூ வைக்க மாட்டார். கொண்டையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரைச் செருகி வைத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர் கண்டுகொள்ள மாட்டார். பேச்சு அளவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். பென் டிரைவில் ஏதாவது ஏறிக்கொண்டிருக்கும்போதே யாராவது அதைப் பிடுங்கினால், "ஏ, சாப்பிட்டுக்கிட்டு இருக்கவன் இலையை இழுப்பீங்களா?" என்று ஒரு சத்தம் போடுவார். பாத்திரக்கடை வரைக்கும் கேட்கும். நானே இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய கணவர் தங்கராஜ் அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் அக்கா சொல்லி எனக்குப் புரியாத ஒரு விஷயம் கடைசியில் அவர் சொல்லித்தான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அக்காவிடம் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கினேன். பெட்டியில் ஒரு டி.பி. என்று போட்டிருந்தது. நம் கணக்கில் ஆயிரம் ஜி.பி. அந்த மாசி, பங்குனியில் எடுத்த கல்யாணங்களை எல்லாம் அதில் ஏற்றிவிடலாம் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கடைசிக் கல்யாணம் ஏறும்போது இடம் இல்லை என்று நின்றுவிட்டது. என்னடா இது என்று பார்த்தால், திரையில் டிஸ்க்கின் மொத்த அளவே தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜி.பி. என்று காட்டுகிறது. அறுபத்தொன்பது ஜி.பி.யைக் காணவில்லை. ஒரு நிச்சயதார்த்தம் முழுசாக அடங்குகிற இடம் அது.

அதே வாரம் சென்னையில் எடிட்டிங் செய்கிற என் நண்பன் முருகேசன் போனில் பேசினான். அவனும் அதே கம்பெனியின் அதே டிஸ்க்கை மதுரையில் வாங்கியிருந்தான். "எனக்கு முழுசா ஒரு டி.பி. காட்டுதேடே" என்றான். அவன் வைத்திருந்தது நாம் வைத்திருக்கிற மாதிரிக் கம்ப்யூட்டர் இல்லை, எடிட்டிங்காரர்கள் வாங்குகிற வேறு வகை. அதெல்லாம் அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. மதுரையில் வாங்கினால் ஆயிரம், இங்கே வாங்கினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்பது மட்டும்தான் தலைக்குள் ஏறியது. போனை வைத்த சூட்டோடு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அப்போது கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேர் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அந்த எண்ணை மறக்க முடியாதபடி அக்கா செய்துவிட்டார். ஒரு பள்ளிக்கூட கிளார்க், நம் சங்கத்தின் அன்றைய பொருளாளர், எதிர்வரிசை மொபைல் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் சகோதரிகள் இரண்டு பேர், ராயகிரியிலிருந்து மகளுக்கு ஏதோ விண்ணப்பம் அச்செடுக்க வந்திருந்த ஒரு அம்மா.

"எக்கா, இது என்ன டிஸ்க்கு? ஆயிரம்னு சொல்லிட்டு தொள்ளாயிரத்தி முப்பத்தொண்ணு தாரீங்க?" என்றேன். படியில் நின்றுகொண்டே கேட்டேன்.

"உள்ள வாங்க தம்பி. இந்தம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. இதை எடுத்துக் குடுத்துட்டுச் சொல்லுதேன்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க? என் சேக்காளி இதே டிஸ்க்கு மதுரையில வாங்கியிருக்கான். அவனுக்கு முழுசாக் காட்டுது. கள்ள டிஸ்க்கை எந்தலையில கட்டிட்டீங்க."

அக்கா பிரிண்டரை விட்டு நிமிர்ந்தார். "அளவு ஒண்ணுதான் தம்பி. எண்ணுற விதந்தான் ரெண்டு. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணிப் பெட்டியில போடுதான். உங்க கம்ப்யூட்டரு ஆயிரத்து இருவத்து நாலு, ஆயிரத்து இருவத்து நாலா எண்ணுது. உங்க சேக்காளி மிஷினு பெட்டிக்காரன் மாதிரியே எண்ணும்னு நினைக்கேன். இந்த டிஸ்க்கை அவரு மிஷின்ல மாட்டிப் பாருங்க. அங்கன ஆயிரம் காட்டலைன்னா எங்கிட்ட வாங்க."

"ஆயிரம்னா ஆயிரந்தான். அதென்ன நடுவுல ஒரு இருவத்து நாலு? யாருகிட்ட கதை விடுதீங்க? இது கள்ளக் கடைன்னு ஊரு பூராச் சொல்லாம இருக்க மாட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். ஆறு பேர் முன்னால் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, சொன்னபடி செய்யவும் செய்தேன். டீக்கடையில் சொன்னேன், சங்கக் கூட்டத்தில் சொன்னேன், மண்டபங்களில் விளக்குப் போடுகிறவர்களிடம் சொன்னேன். கோபத்தில் எனக்கு நாக்கு நிற்காது. இப்போதும் அப்படித்தான், வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். நான்கு விரல் நீளத்துக்குக் கிழித்து, அதில் பேனாவால் எழுதி, என் டிஸ்க்கின் முதுகில் ஒட்டினார். 'பெட்டியில் 1000. திரையில் 931. இரண்டும் சரி. ஸ்டெல்லா.' இவ்வளவுதான் எழுதியிருந்தது. "இதுல என் கையெழுத்து இருக்கு. நான் சொன்னது பொய்யின்னா இதைக் கொண்டாந்து எம் மூஞ்சியில காட்டுங்க" என்றார். நான் ஸ்டுடியோவுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பிளாஸ்திரியை உரித்துக் குப்பையில் போட்டேன். பசை மட்டும் டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அந்தக் கடையில் விற்ற ஒவ்வொரு டிஸ்க்கின் பெட்டியிலும் பிளாஸ்திரி வந்துவிட்டது. ஐந்நூறு என்றால் அதன் பக்கத்தில் நானூற்று அறுபத்தைந்து. முப்பத்திரண்டு ஜி.பி. பென் டிரைவ் என்றால் இருபத்தொன்பது. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த் திரையில் என்ன பார்க்கப் போகிறாரோ அதைக் கடையிலேயே எழுதி ஒட்டிவிடுவார். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு நேர்மையாக ஒருத்தர் இருந்தால் கூட்டம் அவரிடம்தான் போகும் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்தது தலைகீழ்.

நான் ஒருநாள் பாத்திரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் கடையில் ஒரு பெரியவர் டிஸ்க் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இது தொள்ளாயிரத்தி முப்பத்தொண்ணுதானா?" என்றார். அக்கா விளக்க ஆரம்பித்தார். பெரியவர் பாதியிலேயே பெட்டியை வைத்துவிட்டு, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் முழுசா ஆயிரம் தாரானே" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பக்கத்துக் கடையிலும் அதே கம்பெனி, அதே டிஸ்க். பிளாஸ்திரி மட்டும் கிடையாது. முன்கூட்டியே உண்மையைச் சொன்ன கடையில் அளவு குறைவு என்றும், ஒன்றும் சொல்லாத கடையில் அளவு முழுசு என்றும் நம் ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் ஊர் முழுக்கப் போட்டு வைத்த பேச்சும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. 'தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு அக்கா' என்று பட்டப்பெயர் வந்தது. சிலர் அதை மேலும் சுருக்கி 'குறைச்சல் கடை' என்றார்கள்.

தங்கராஜ் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஒட்டாம வித்துத் தொலையேம்ளா. ஊர்ல எல்லாவனும் அப்படித்தான விக்கான்" என்று கடையில் வைத்தே சொல்வார். அதற்கு அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முன்னாலேயே சொல்லிட்டா சங்கடம் அஞ்சு நிமிஷம். பின்னால தெரிஞ்சா அவன் ஆயுசுக்கும் என்னைக் கள்ளின்னு நினைப்பான். ஒருத்தன் நினைச்சது போதும்." அந்த ஒருத்தன் அப்போது கடைக்குள்தான் உட்கார்ந்திருந்தான். ஏனென்றால் அதற்குள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டிருந்தது.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். சண்டை நடந்து ஒன்றரை வருஷம் இருக்கும். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை எடிட்டிங்குக்கு முருகேசனிடம் கொண்டு போனேன். அதே டிஸ்க். பசை இருந்த இடத்தில் தூசி அப்பிக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. அவன் கம்ப்யூட்டரில் மாட்டினான். திரையில் முழுசாக ஒரு டி.பி. என்று வந்தது. கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். மறுபடியும் ஒரு டி.பி. அவனுடைய டிஸ்க்கை வாங்கி என் லேப்டாப்பில் மாட்டினேன். தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

"ஏலே, இதுக்கா அந்தம்மாகூடச் சண்டை போட்ட?" என்று முருகேசன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா அன்றைக்கே இதைத்தான் சொன்னார். ஒரு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மிஷினில் மாட்டுகிற வேலை, ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். உள்ளே ஆள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று மருந்துக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். பழி சொல்வதற்குக் கூட்டம் இருந்ததைப் பற்றி நான் கவலைப்படவில்லை, மன்னிப்புக் கேட்க மட்டும் ஆள் இல்லாத நேரம் பார்த்தேன். கடை காலியானதும் உள்ளே போனேன். அக்கா என் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார்.

"அங்கன ஆயிரம் காட்டுச்சா?"

"காட்டுச்சுக்கா."

"சரி."

"தப்பா நினைச்சுட்டேன்க்கா. மன்னிச்சிருங்க."

அவர் கொண்டையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, முன்னால் இருந்த மூடியின் திருகைக் கழற்ற ஆரம்பித்தார். "எங்கிட்ட எதுக்குத் தம்பி கேக்கீங்க? டிஸ்க்கு சரியா இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அன்னைக்கு நின்ன ஆறு பேருக்குத்தான் தெரியாது. அவங்ககிட்டச் சொல்லுங்க, போதும்."

"சொல்லுதேன்க்கா" என்றேன். சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பொருளாளரை மாதா மாதம் கூட்டத்தில் பார்த்தேன். மொபைல் கடைக்காரரிடம் வாரம் ஒருமுறை ரீசார்ஜ் செய்தேன். வாய் வரை வரும், ஒரு வெட்கம் வந்து பிடித்துக்கொள்ளும். பதிலாக, என் டிஸ்க்குகளை எல்லாம் அக்காவிடமே வாங்க ஆரம்பித்தேன். அதிலேயே சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் மன்னிப்புக் கேட்ட அன்று தங்கராஜ் அண்ணாச்சியும் கடையில் இருந்தார். நான் அந்த இருபத்து நாலு எங்கிருந்து வருகிறது என்று மறுபடி கேட்க, அக்கா இரண்டால் பெருக்குவது, நாலு, எட்டு, பதினாறு என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஏறவில்லை. அண்ணாச்சி குறுக்கே புகுந்தார். "நீ சும்மா இரி. வே தம்பி, ஒரு லாரிக் காய் வருதுன்னு வையும். ஒரு வியாபாரி அதை ஆயிரம் காய் பிடிக்கிற பெட்டியில போட்டு எத்தனை பெட்டின்னு எண்ணுதான். இன்னொருத்தன் பெட்டி கொஞ்சம் பெரிசு, ஆயிரத்து இருவத்து நாலு பிடிக்கும். இவனுக்குப் பெட்டி எண்ணிக்கை குறையும்லா? அதுக்காகக் காயை எவனும் தின்னுட்டானா? அந்தப் பெட்டியை எல்லாம் இன்னும் பெரிய பெட்டியில போட்டு, அதையும் பெரிசுல போட்டா, வித்தியாசம் கூடிக்கிட்டே போகும். ரெண்டு பேரும் அதுக்குப் பெட்டின்னே பேரு வச்சிருக்கானுவ பாரும், அதுதான் எல்லாத் தகராறும்." அக்கா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "இத்தனை நாளு இதை எங்கிட்டச் சொல்லலியே" என்றார்.

இனி நான் சொல்லப் போவது நம்மில் யாருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்டதற்குப் பிறகு, சிவகிரிப் பொன்னையா வீட்டுக் கல்யாணம் நான் எடுத்தது. மகள் கல்யாணம், ஒரே மகள். வீடியோவை வாங்கிப்போக அவர் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார். எங்கேயோ திருவிழாக் கடையில் வாங்கினாராம். கட்டைவிரல் அளவுதான் இருந்தது, ஒரு டி.பி. என்று போட்டிருந்தது. என் கம்ப்யூட்டரில் மாட்டினால், குறையாமல் ஆயிரம் ஜி.பி.க்கு மேலேயே காட்டியது. உண்மையான ஒரு டி.பி. என்றால் என் கம்ப்யூட்டரில் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றுதான் காட்ட வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. பிளாஸ்திரி இல்லாத பென் டிரைவ் எப்படி முழுசாகக் காட்டுகிறது பார் என்று எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். முழுக் கல்யாணத்தையும் அதில் ஏற்றினேன். எல்லாக் கோப்பும் பெயரோடும் அளவோடும் வரிசையாகத் தெரிந்தது. முதல் கோப்பை ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று என் டிஸ்க்கிலிருந்து அதை அழித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பொன்னையா வந்தார். மாப்பிள்ளை அழைப்பு மட்டும்தான் ஓடுகிறது, மற்றதெல்லாம் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றார். "தம்பி, தாலி கட்டுனதையாவது எடுத்துக் குடுங்க. எங்க வீட்டுக்காரி அன்னைக்கு ஆஸ்பத்திரியில கிடந்தா. அவ இன்னும் பாக்கலை" என்றார்.  பென் டிரைவையும் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

அக்கா பென் டிரைவைச் சோதித்துப் பார்த்தார். ஒரு டி.பி. என்று திரையிடம் பொய் சொல்லும்படி செய்துவைத்த போலிப் பொருள் அது. உள்ளே உண்மையில் இருந்தது முப்பத்திரண்டு ஜி.பி. இடம்தான். அதற்குமேல் ஏற்றியதை எல்லாம் வாங்கிக்கொண்ட மாதிரி காட்டிவிட்டு எங்கேயும் வைக்கவில்லை. அக்கா அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "உள்ளதைச் சொன்ன டிஸ்க்கைக் கள்ள டிஸ்க்குன்னீங்க. இந்தக் கள்ளனை நம்பிட்டீங்களே தம்பி." குத்திக்காட்டும் குரல் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அழித்த டிஸ்க்கில் நான் அதற்குள் அடுத்த கல்யாணத்தில் பாதியை ஏற்றியிருந்தேன். "இனி ஒரு எழுத்துகூட இதுல எழுதக்கூடாது" என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாள் கடையின் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, அழிந்ததைத் துண்டு துண்டாக மீட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் கூப்பிட்டார். தாலி கட்டுவது முழுசாக வந்திருந்தது. பெண்ணை அனுப்பி வைக்கும்போது பொன்னையா துண்டால் முகத்தை மூடிக்கொள்வதும் வந்திருந்தது. பந்தி மட்டும் போய்விட்டது. பொன்னையாவின் மனைவியை உட்கார வைத்துக் கடையிலேயே ஓட்டிக் காட்டினார் அக்கா. அந்த அம்மா திரையைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். அன்றைக்காவது அந்த ஆறு பேரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கொஞ்ச வருஷத்தில் கடை சின்னதாகிவிட்டது. முன்பக்க இடத்தை விட்டுவிட்டு மாடியில் ஒரு அறைக்குப் போனார். எல்லாம் என்னால்தான் என்று சொன்னால் அது மிகை. எல்லோரும் போனிலேயே சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், நாமும்தான். ஆனால் 'குறைச்சல் கடை' என்ற பேர் மாடி வரைக்கும் கூடவே போனது. அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலிக்கும் ஊருக்குமாக அலைந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடி கொட்டிவிட்டது, கொண்டை இல்லை. ஸ்குரூ டிரைவர் மட்டும் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றால் முடுக்கிக்கொள்ள என்றார். கொஞ்ச நேரம் வேறு என்னவெல்லாமோ பேசிவிட்டுக் கேட்டார்.

"ஆறு பேருல எத்தனை பேருகிட்டச் சொன்னீங்க தம்பி?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலக்கா."

இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் என்று சொல்வாரோ, முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். "அப்ப ஆறும் அப்படியே இருக்கு. நல்லது, எண்ணுறதுல நமக்குள்ள தகராறு இல்லை" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல. எம் பிள்ளைங்க இந்த ஊர்லதான இருக்கப் போறாங்க. அவங்க காதுல அந்தப் பேரு விழக்கூடாது தம்பி" என்றார். அடுத்த வாரமே எல்லோரிடமும் போவதாகச் சத்தியம் செய்தேன். அடுத்த வாரம் மூன்று முகூர்த்தம் இருந்தது. அதற்கடுத்த வாரம்தான் புளியங்குடிக் கல்யாணம்.

அடக்கத்துக்கு நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். மண் போடும்போது நான் பின்னால் நின்றுகொண்டேன். மறுநாள் காலையில் கிளம்பினேன்.

முதலில் பள்ளிக்கூட கிளார்க். ஓய்வு பெற்றுவிட்டார். அன்றைக்கு நடந்த சண்டையே அவருக்கு நினைவில்லை. "எந்த டிஸ்க்கு? எப்போ?" என்றார். அடையாளம் சொன்னதும், "ஓ, அந்தக் கடையா? கொஞ்சம் குறைச்சுத்தான் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேனே" என்றார். நான் சொன்னது என்பதை மறந்துவிட்டார், சொன்ன பொய்யை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார். என் டிஸ்க்கையும், அதை இரண்டு கம்ப்யூட்டர்களில் மாட்டித் திரையை எடுத்த படங்களையும் காட்டி அவருக்கு விளக்கினேன். முதன்முதலாக அப்படிச் சொன்னவன் நான்தான் என்பதையும் சொன்னேன். மொபைல் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அந்தம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே வே" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் கல்லூரிச் சகோதரிகளில் மூத்தவள் பெங்களூரில் இருக்கிறாள், போனில் சொன்னேன். தங்கையிடம் அவளே சொல்வதாகச் சொன்னாள். பொருளாளர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவரிடம் இனிச் சொல்ல முடியாது. அவர் உட்கார்ந்த சங்கத்தின் மலரில் சொல்லிவிட்டேன்.

தங்கராஜ் அண்ணாச்சியிடம் கேட்டு அக்காவின் பிளாஸ்திரிச் சுருளை வாங்கி வந்திருக்கிறேன். பாதிக்குமேல் தீர்ந்துபோன சுருள். இப்போது நான் கல்யாண வீடியோ கொடுக்கிற ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு துண்டு கிழித்து, பெட்டியில் எவ்வளவு, திரையில் எவ்வளவு என்று எழுதி ஒட்டுகிறேன். பழைய டிஸ்க் இன்னும் ஓடுகிறது. அதன் முதுகில் கறுத்த பசைப் பட்டைக்கு மேலேயே ஒரு துண்டை ஒட்டி, அன்று அக்கா எழுதிய அதே வரிகளை எழுதினேன். கீழே அவருடைய பெயரை எழுதக் கை வரவில்லை. அந்தக் கையெழுத்தை உரித்துப் போட்டவன் நான்.

இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். ராயகிரி அம்மா. பெயர் தெரியாது, ஊரைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. நான் கத்தி முடித்ததும் அச்செடுத்த தாளைச் சரிபார்க்காமலே மடித்து வாங்கிக்கொண்டு, இறங்கும்போது அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நம்மில் யாராவது மாதம் ஒரு கல்யாணமாவது அந்தப் பக்கம் எடுக்கப் போகிறோம். பந்தியிலோ மணமேடைப் பக்கமோ, எப்போதோ சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒருத்தன் சண்டை போட்டதைப் பார்த்தேன் என்று யாராவது ஒரு அம்மா சொன்னால், கேமராவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். அந்த டிஸ்க் சரியாகத்தான் இருந்தது. கடைக்காரம்மா சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னவன் படியில் நின்று கத்தினவன், அவன் பெயர் கோமதிநாயகம்.